தரவுத்தளச் சர்வரில் தாயும் சேய்களும்

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில் அமைந்த விவசாய ஊர் நல்லேப்பிள்ளி. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எல்லைப்புறம் அது. இத்தகைய ஊர்களில் நிலவரி, பயிர் விவரம், பிறப்பு இறப்புப் பதிவு, மாணவர் சேர்க்கை முதலியவை ஒரு காலத்தில் தடித்த பேரேடுகளில் மையால் எழுதப்பட்டன. இன்று அவற்றுள் பெரும்பாலானவை தொலைவிலுள்ள கணிப்பொறிகளில் சேமிக்கப்படுகின்றன. கிராமத்துப் பணியாளரும் ஆசிரியரும் தத்தம் திரையில் விவரத்தை நிரப்பி, 'சேமி' என்னும் பொத்தானை அழுத்துகின்றனர். அவர்கள் கண்ணுக்குப் புலப்படும் காரியம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

இத்தகைய ஊர் ஒன்றில், ஒரு நண்பகலில், பணியாளர் ஒருவர் பயிர்க் கணக்கைப் பதிந்துகொண்டிருப்பதாகக் கொள்க. அவருடைய இணைப்புத் திடீரென அறுபடுகிறது. அதே கணத்தில் அடுத்த ஊர்ப் பள்ளியில் மாணவர் பெயரைப் பதிந்துகொண்டிருந்த ஆசிரியரின் இணைப்பும் அறுபடுகிறது. அதே சர்வரைச் சார்ந்திருந்த அனைவரும் ஒருங்கே வெளியேற்றப்படுகின்றனர். சிறிது நேரத்துக்குப் பின் எல்லாம் முன்போல் இயங்குகின்றன. எங்கோ ஒருவருக்காக நடந்த ஒரு வேலை மட்டுமே பழுதாயிற்று என்று பின்னர் தெரியவருகிறது.

இந்நிலையில் மூன்று ஐயங்கள் எழுவது இயல்பு. ஒருவருடைய வேலை பழுதானால் அனைவரையும் ஏன் வெளியேற்ற வேண்டும்? அதுவரை பதிந்தவை பத்திரமாக உள்ளனவா? மறுபடியும் பதிந்தால் ஒரே விவரம் இருமுறை ஏறிவிடாதா? சர்வரின் உள்ளே தாய்க்கும் சேய்களுக்கும் உள்ள உறவை அறிந்தவர்க்கு இம்மூன்றுக்கும் விடை எளிதில் விளங்கும்.

செயலோட்டம் என்பது யாது?

வட்டில் எழுதி வைக்கப்பட்டுள்ள நிரல் ஒரு சமையற்குறிப்பைப் போன்றது. அது தானாக ஒன்றும் செய்வதில்லை. அக்குறிப்பைப் பின்பற்றி அடுப்பு மூட்டப்பட்டுச் சமையல் நடைபெறும்போதுதான் அதற்கு உயிர் உண்டாகிறது. அங்ஙனம் நிரல் ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும் நிலையைத் துறையினர் 'பிராசஸ்' என்பர். அதனை இக்கட்டுரையில் 'செயலோட்டம்' என்று குறிப்பிடலாம். ஒரே குறிப்பைக் கொண்டு பத்து அடுப்புகளில் சமைக்க முடிவது போல, ஒரே நிரலிலிருந்து பல செயலோட்டங்கள் ஒரே சமயத்தில் இயங்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. தனி நினைவகப் பகுதியும் உண்டு. ஒன்றின் நினைவகத்தில் மற்றொன்று கைவைக்காதவாறு இயங்குதளம் காவல் புரிகிறது.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில், புதிய செயலோட்டத்தைத் தோற்றுவிக்கும் முறை மிகவும் எளிமையானது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு செயலோட்டம் தன்னைப் போலவே மற்றொன்றைப் படி எடுத்துக்கொள்கிறது. மரக்கிளை ஓரிடத்தில் கவையாகப் பிரிவதை இது ஒத்திருப்பதால் இதற்கு 'ஃபோர்க்' என்று பெயர். பிரிந்தவற்றுள் முன்னதைத் தாய் என்றும், பின்னதைச் சேய் என்றும் கூறலாம். சேய் இறந்தால் அது எவ்வாறு இறந்தது என்பதை இயங்குதளம் தாய்க்குத் தெரிவிக்கிறது. இந்த அறிவிப்பே பின்வரும் அனைத்துக்கும் அடிப்படை.

போஸ்ட்மாஸ்டர் என்னும் தாய்

தாய்-சேய் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் தரவுத்தள மென்பொருள்களுள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் முதன்மையானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் 1986-இல் தொடங்கிய 'போஸ்ட்கிரெஸ்' ஆய்வுத் திட்டத்திலிருந்து இது தோன்றியது. 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் ஆகிய இருவர் அதனை எஸ்.கியூ.எல். மொழியை ஏற்குமாறு திருத்தினர். 1996-இல் இன்றைய பெயர் சூட்டப்பட்டது. சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்றே அது வழங்குகிறது. அதன் மூல நிரல் யாவரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. அரசு அலுவலகங்களில் இத்தகைய திறந்த மூல மென்பொருள்களைக் கையாளுவதை ஊக்குவிக்கும் கொள்கையை இந்திய அரசு 2015-இல் அறிவித்தது.

போஸ்ட்கிரெஸ் சர்வரைத் தொடங்கும்போது முதலில் பிறப்பது ஒரே ஒரு செயலோட்டம். அதுவே தாய். துறையினர் அதனைப் 'போஸ்ட்மாஸ்டர்' என்று அழைக்கின்றனர். தபாலாபீசின் தலைவர் தாமே தெருத்தெருவாகச் சென்று கடிதம் கொடுப்பதில்லை அல்லவா? அதே போல இத்தாயும் எவருடைய கேள்விக்கும் தானே விடை தேடித் தருவதில்லை. வாயிலில் நின்று, 5432 என்னும் எண்ணுள்ள வழியில் வரும் அழைப்புகளைக் கவனித்துக்கொண்டிருப்பதே அதன் பணி. அந்த எண்ணை நிர்வாகி மாற்றியமைக்கவும் முடியும்.

அழைப்பு ஒன்று வந்தவுடன் தாய் ஒரு சேயை ஈன்று, வந்தவரை அதனிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் வாயிலுக்குத் திரும்புகிறது. வந்தவர் யார், அவருடைய கடவுச்சொல் சரியானதா என்று ஆராய்வதும் சேயின் வேலையே. அதனைத் தாயே செய்யுமாயின், கடவுச்சொல்லை அனுப்பாமல் காலந்தாழ்த்தும் ஒருவர் பொருட்டு வாயிலில் நிற்கும் மற்ற யாவரும் காத்திருக்க நேரும். சேயிடம் அவ்வேலையை விட்டதனால் தாமதம் அவ்வொருவரோடு நின்றுவிடுகிறது. இயல்பான அமைப்பில் 1 நிமிடத்துக்குள் தம்மை மெய்ப்பிக்காதவரைச் சேய் அனுப்பிவிடும்.

மெய்ப்பித்தவருக்கு அச்சேய் இறுதிவரை துணை நிற்கிறது. அவர் கேட்பதைத் தேடித் தருவதும், கொடுப்பதைப் பதிவதும் அதுவே. அவர் விடைபெற்றதும் சேய் தன் கடமை முடிந்து மறைகிறது. ஓர் இணைப்புக்கு ஒரு சேய் என்பதே விதி. இவற்றையன்றிப் பொதுப்பணிகளுக்கென்றும் சில சேய்கள் உண்டு. வட்டில் எழுதுவது ஒன்று. பழைய கழிவுகளைத் துப்புரவு செய்வதற்கு ஏற்பாடு செய்வது மற்றொன்று. நிகழ்ச்சிக் குறிப்புகளைச் சேர்த்து வைப்பது வேறொன்று.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 2016-இல் வெளிவந்த 9.6-ஆம் பதிப்பு முதற்கொண்டு, பெரிய கேள்வி ஒன்றைப் பல செயலோட்டங்கள் பகிர்ந்துகொண்டு விடை காண இயலும். ஆயினும் கேள்வியை ஏற்ற சேய், உதவிக்கு வேண்டிய செயலோட்டங்களைத் தானே ஈன்றுகொள்வதில்லை. தாயிடம் வேண்டுகிறது, தாயே அவற்றை ஈன்று தருகிறது. ஆகவே இக்குடும்பத்தில் பேரப்பிள்ளைகள் இல்லை. அனைவரும் ஒரு தாய் மக்களே. அவர்களுள் எவர் எவ்வாறு இறந்தாலும் செய்தி நேரே தாய்க்குச் சேர்கிறது.

நடுக்கூடத்துக் கரும்பலகை

செயலோட்டங்களுக்குத் தனித்தனி நினைவகம் உண்டு என்று மேலே கூறப்பட்டது. ஆனால் தரவுத்தளத்தின் சேய்கள் முற்றிலும் தனித்து வாழ இயலாது. ஒரே நிலத்தின் கணக்கை இருவர் ஒரே சமயத்தில் மாற்ற முற்பட்டால், ஒருவர் மற்றொருவருக்காகக் காத்திருக்க வேண்டும். இதற்குப் பொதுவான ஓரிடம் தேவை. அதுவே 'பொது நினைவகம்'. தாய் தன் தொடக்கத்திலேயே இதனை அமைத்துவிடுகிறது. பின்னர்ப் பிறக்கும் சேய் ஒவ்வொன்றும் இதனைப் பயன்படுத்தும் உரிமையுடன் பிறக்கிறது.

ஓர் அலுவலகத்தின் நடுக்கூடத்தில் பெரிய கரும்பலகை ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். குமாஸ்தாக்கள் தத்தம் மேசையில் அமர்ந்து வேலை செய்கின்றனர். ஆனால் எந்தப் பேரேட்டின் எந்தப் பக்கம் இப்போது வெளியே எடுக்கப்பட்டுள்ளது, அதில் எவர் திருத்தம் செய்துகொண்டிருக்கிறார், எவர் காத்திருக்கிறார் என்பவற்றை எல்லாம் பலகையில் எழுதிக்கொள்கின்றனர். பேரேட்டுப் பக்கங்களின் படிகளும் அங்கேதான் ஒட்டப்படுகின்றன. போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் என்பது இயல்பாக 8 கிலோபைட் அளவுள்ளது. அத்தகைய பக்கங்களை வைத்துக்கொள்ளப் பொது நினைவகத்தில் 128 மெகாபைட் இடம் இயல்பான அளவாக ஒதுக்கப்படுகிறது. பெரிய சர்வர்களில் நிர்வாகிகள் இதனைப் பன்மடங்கு உயர்த்துவர்.

இவ்வேற்பாட்டில் தாயின் நிலை விந்தையானது. கரும்பலகையை நிறுவியது தாய்தான். ஆனால் நிறுவிய பின் அது அப்பலகையைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. பூட்டுகளைக் கேட்டு நிற்கும் வரிசையிலும் அது சேருவதில்லை. இது சோம்பல் அன்று. ஆழ்ந்து எண்ணிச் செய்யப்பட்ட ஏற்பாடு. பலகையில் தவறான எழுத்து ஒன்று ஏறிவிட்டால் அதனைப் படிப்பவரும் தவறுவர். தாயும் அப்பலகையை நம்பி வேலை செய்யுமானால், சேய்க்கு நேர்ந்த கேடு தாயையும் பற்றிக்கொள்ளும். பிறகு குடும்பத்தை மீட்பதற்கு எவரும் எஞ்சமாட்டார்கள். விலகி நிற்பதனாலேயே தாய் பிழைக்கிறது. பிழைப்பதனாலேயே மற்றவர்களை மீட்கிறது.

சேயின் இறப்பும் தாயின் தீர்ப்பும்

சேய்களின் இறப்பு இரு வகைப்படும். வேலை முடிந்தோ, கடவுச்சொல் தவறானது போன்ற காரணத்தாலோ சேய் முறைப்படி விடைபெறுவது முதல் வகை. அப்போது அது பலகையில் தான் எழுதியவற்றைத் துடைத்து, கையிலிருந்த பூட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செல்கிறது. தாய் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதோடு சரி. மற்ற எவருக்கும் இடையூறு இல்லை.

இரண்டாம் வகை, முறையற்ற இறப்பு. நிரலில் உள்ள பிழையால் செயலோட்டம் முறிந்து விழலாம். அல்லது கணிப்பொறியின் நினைவகம் போதாமற்போகும்போது, லினக்ஸ் இயங்குதளம் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஏதேனும் ஒரு செயலோட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடலாம். அல்லது நிர்வாகி ஒருவர் பொறுமையிழந்து, நெடுநேரம் ஓடும் வேலையொன்றை வலுக்கட்டாயமாக வெட்டிவிடலாம்.

இங்ஙனம் இறந்த சேய், இறக்கும் தறுவாயில் பலகையில் என்ன எழுதிக்கொண்டிருந்தது என்பது எவருக்கும் தெரியாது. ஓர் எண்ணின் முற்பாதி மட்டும் எழுதப்பட்டிருக்கலாம். பூட்டு ஒன்று திறக்கப்படாமலே கிடக்கலாம். பலகை முழுவதும் சரியாகவே இருக்கவும் கூடும். ஆனால் சரியாக இருக்கிறது என்று உறுதி கூற வழியில்லை. ஐயத்துக்கிடமான பலகையைப் பார்த்து மற்றவர்கள் தொடர்ந்து வேலை செய்வார்களானால், அத்தவறு அவர்கள் வழியாக வட்டிலுள்ள பேரேட்டிலும் ஏறிவிடும். அங்கே ஏறிய தவறு நாட்கணக்கில், மாதக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

ஆகவே தாய் தயக்கமின்றித் தீர்ப்பளிக்கிறது. எஞ்சிய சேய்கள் யாவும் உடனே வேலையை நிறுத்தி வெளியேற வேண்டும் என்று சமிக்ஞை அனுப்புகிறது. 5 விநாடிக்குள் வெளியேறாதவற்றைத் தானே முடித்துவிடுகிறது. பின்னர்ப் பொது நினைவகத்தைப் புதிதாக அமைக்கிறது; மீட்புப் பணிக்கென ஒரு சேயை ஈனுகிறது; அப்பணி முடிந்ததும் மறுபடியும் வாயிலைத் திறக்கிறது. நிர்வாகி வேறு விதமாகக் கட்டளையிட்டிருந்தாலன்றி இவையனைத்தும் மனிதர் தலையீடின்றியே நிகழ்கின்றன.

முதல் ஐயத்துக்கு விடை இதுவே. ஒருவர் பொருட்டு அனைவரும் வெளியேற்றப்படுவது தண்டனையன்று. அனைவருடைய கணக்கையும் காப்பதற்காகச் சில நிமிட வசதி விட்டுக்கொடுக்கப்படுகிறது.

நாள்வழியும் பேரேடும்

இரண்டாம் ஐயம், பதிந்தவை பத்திரமாக உள்ளனவா என்பது. கடைக்காரர் கணக்கு முறையை அறிந்தவர்க்கு இதன் விடை புதியதன்று. விற்பனை நடந்தவுடன் கடைக்காரர் அதனை நாள்வழிப் புத்தகத்தில் வரிசையாக எழுதிவிடுகிறார். ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது பின்னர் ஓய்வாக நடக்கிறது. பேரேட்டில் ஏற்றும் முன் விளக்கு அணைந்துவிட்டாலும் நட்டமில்லை. நாள்வழியைப் பார்த்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸிலும் இதே முறை கையாளப்படுகிறது. பயனர் 'உறுதிசெய்க' என்று கூறியதும், அம்மாற்றம் முதலில் நாள்வழியை ஒத்த ஒரு பதிவேட்டில் வட்டின் மீது எழுதப்படுகிறது. எழுதப்பட்டதென்று உறுதியான பின்னரே 'சேமிக்கப்பட்டது' என்னும் மறுமொழி அனுப்பப்படுகிறது. பேரேட்டுக்கு ஒப்பான தரவுக் கோப்புகளில் ஏற்றும் வேலை பின்னணியில் நடக்கிறது. இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு ஒரு முறை, 'இதுவரை எழுதப்பட்டவை யாவும் பேரேட்டில் ஏறிவிட்டன' என்று ஓர் எல்லை குறிக்கப்படும். முறையற்ற இறப்புக்குப் பின் மீட்புப் பணி செய்யும் சேய், கடைசி எல்லையிலிருந்து நாள்வழியை வரி வரியாகப் படித்து, விடுபட்டவற்றைப் பேரேட்டில் ஏற்றுகிறது. உறுதிசெய்யப்படாத அரைகுறை மாற்றங்கள் எவர் கண்ணுக்கும் புலப்படாதவாறு ஒதுக்கப்படுகின்றன.

இதிலிருந்து களப் பணியாளருக்குத் தெளிவான விதி ஒன்று பெறப்படுகிறது. 'சேமிக்கப்பட்டது' என்னும் மறுமொழி வந்திருந்தால் அப்பதிவு பத்திரமாக உள்ளது எனக் கொள்ளலாம். 'சேமி' பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இணைப்பு அறுந்திருந்தால் அப்பதிவு ஏறவில்லை. பொத்தானை அழுத்திய பின், மறுமொழி வருவதற்கு முன் அறுந்திருந்தால் இரண்டில் எதுவும் நேர்ந்திருக்கலாம். நாள்வழியில் எழுதி முடித்த பின், மறுமொழி அனுப்பும் முன் சேய் இறந்திருக்கக்கூடும். ஆகவே மூன்றாம் நிலையில் உடனே மறுபடியும் பதியலாகாது. முதலில் அப்பதிவைத் தேடிப் பார்த்தல் வேண்டும். இல்லையெனக் கண்ட பின்னரே மீண்டும் பதிதல் வேண்டும். ஓர் உழவரின் பெயரில் விதை மானியம் இருமுறை ஏறுவதும், ஒரு மாணவர் இரு சேர்க்கை எண்களைப் பெறுவதும் இச்சிறு கவனத்தால் தவிர்க்கப்படும். மூன்றாம் ஐயத்துக்கு விடை இது.

சமிக்ஞைகளின் வேறுபாடு

வட்ட, மாவட்ட அளவில் சர்வரைப் பராமரிக்கும் பொறுப்புடையோர் மூன்று எண்களின் வேறுபாட்டை நினைவில் வைத்தல் நலம். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் செயலோட்டங்களுக்குச் சமிக்ஞைகள் எண்களாக அனுப்பப்படுகின்றன. ஒரு சேய்க்கு 2-ஆம் சமிக்ஞை அனுப்பப்பட்டால், அது நடப்பு வேலையை மட்டும் கைவிட்டு, இணைப்பைக் காத்துக்கொள்கிறது. 15-ஆம் சமிக்ஞை அனுப்பப்பட்டால், பலகையைத் துடைத்துவிட்டு முறைப்படி விடைபெறுகிறது. இவ்விரண்டாலும் மற்றவர்க்குத் தீங்கில்லை. இவற்றைச் செய்வதற்கான கட்டளைகள் தரவுத்தளத்துக்குள்ளேயே உண்டு.

9-ஆம் சமிக்ஞையோ வேறு இனத்தைச் சேர்ந்தது. அதனைப் பெறும் செயலோட்டத்துக்கு இறுதி மூச்சு விடவும் அவகாசமில்லை. இயங்குதளமே அதனை அழித்துவிடுகிறது. நெடுநேரம் ஓடும் கேள்வி ஒன்றை நிறுத்துவதற்காக அதன் சேய்க்கு 9-ஆம் சமிக்ஞையை அனுப்பும் நிர்வாகி, தம்மை அறியாமலே அனைவரையும் வெளியேற்றுகிறார். தாயின் கண்ணில் அது முறையற்ற இறப்பேயாகும்.

தாய் இறந்தால்?

சேயைத் தாய் கண்காணிக்கிறது. தாயையே ஒருவர் 9-ஆம் சமிக்ஞையால் கொன்றுவிட்டால் என்னவாகும்? இதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பிறக்கும்போதே ஒவ்வொரு சேய்க்கும் ஒரு குழாயின் மறுமுனை கொடுக்கப்படுகிறது. முன்முனை தாயின் கையில் இருக்கும். தாய் அக்குழாயில் ஒருபோதும் எதையும் அனுப்புவதில்லை. தாய் இறந்தால் அதன் முனையை இயங்குதளம் மூடிவிடும். அதனை உணரும் சேய்கள், தாய் இல்லை என்று அறிந்து தாமும் வெளியேறுகின்றன. எனினும் நீண்ட கணக்கொன்றில் ஆழ்ந்திருக்கும் சேய் இதனை உடனே உணராமல் சிறிது நேரம் தொடர்ந்து இயங்கக்கூடும்.

அவசரக்காரர்கள் பெரும் பிழை செய்வது இத்தருணத்தில்தான். தாய் பிறக்கும்போது தரவுகள் உள்ள இடத்தில் தன் எண்ணைக் குறித்துப் பூட்டுக் கோப்பு ஒன்றை வைக்கிறது. புதிய தாய் பிறக்கும்போது அக்கோப்பைப் படித்து, பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர் எவரேனும் இன்னும் பழைய பலகையைப் பயன்படுத்துகிறாரா என்று ஆராய்கிறது. இருப்பின் இயங்க மறுக்கிறது. மறுப்பைக் கண்டு சினந்து அப்பூட்டுக் கோப்பைக் கையால் அழித்துவிட்டால், இரு குடும்பங்கள் ஒரே பேரேட்டில் ஒருவரையொருவர் அறியாமல் எழுதத் தொடங்கும். நாள்வழியாலும் அக்கேட்டை மீட்க இயலாது.

ஆகவே தாயை நிறுத்த வேண்டின் அதற்குரிய முறையிலேயே நிறுத்துதல் வேண்டும். தாய்க்கு 15-ஆம் சமிக்ஞை கிடைத்தால், புதியவர்களை ஏற்காமல், உள்ளே இருப்பவர்கள் தாமாகச் செல்லும்வரை காத்திருக்கும். 2-ஆம் சமிக்ஞை கிடைத்தால், அனைவரையும் முறைப்படி அனுப்பிவிட்டு விரைவில் மூடும். 3-ஆம் சமிக்ஞை கிடைத்தால் அக்கணமே அனைத்தையும் நிறுத்தும். அடுத்த தொடக்கத்தில் நாள்வழியைப் படித்து மீட்க வேண்டிவரும். நினைவகம் போதாத வேளையில் லினக்ஸ் தாயைத் தேர்ந்தெடுத்துவிடாதபடி அதற்குத் தனிப் பாதுகாப்பு அமைக்குமாறு போஸ்ட்கிரெஸின் கையேடு அறிவுறுத்துகிறது.

வாய்க்காலும் முறைப்பாசனமும்

ஓர் இணைப்புக்கு ஒரு சேய் என்னும் விதிக்கு விலையும் உண்டு. சேய் ஒவ்வொன்றும் நினைவகத்தையும் கணிப்பொறியின் காலத்தையும் பங்கு கேட்கிறது. எனவே இயல்பான அமைப்பில் 100 இணைப்புகளே அனுமதிக்கப்படுகின்றன. அவற்றுள் 3 இடங்கள் நிர்வாகிகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. மற்றவர்கள் இடமனைத்தையும் நிரப்பிவிட்ட நெருக்கடியிலும் நிர்வாகி உள்ளே நுழைந்து சீர்செய்வதற்கு இது உதவுகிறது.

எண்ணிக்கையை மேலும் மேலும் உயர்த்துவது தீர்வாகாது என்பதைச் சித்தூர்ப் பகுதி உழவர்கள் எளிதில் உணர்வர். கேரளமும் தமிழ்நாடும் 1970-இல் கையெழுத்திட்ட பறம்பிக்குளம்-ஆழியாறு உடன்படிக்கையின்படி, சித்தூர்ப் பாசனத்துக்காக மணக்கடவில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் அளந்து விடப்பட வேண்டும். அந்நீர் சித்தூர்ப்புழையின் மூலத்தறையிலிருந்து இடக்கரை, வலக்கரைக் கால்வாய்கள் வழியே பிரிகிறது. கால்வாயில் வரும் நீர் அளவுபட்டது. எல்லா மடைகளையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் நீர் பெருகுவதில்லை, கடைமடைக்கு எட்டாமற்போகிறது. மடைகளுக்கு முறை வைத்துப் பாய்ச்சினால் எல்லா வயல்களும் நனையும்.

தரவுத்தளத்துக்கும் இதே முறைப்பாசனம் பொருந்தும். ஆயிரம் பயனர் திரைகள் இருப்பினும், ஒரே கணத்தில் கேள்வி கேட்பவர் சிலரே. ஆகவே இடையில் ஒரு நிரலை நிறுத்தி, சில இணைப்புகளை மட்டும் திறந்து வைத்து, தேவைப்படுவோர்க்கு அவற்றை முறையாகக் கொடுத்து வாங்கலாம். இதற்கு 'இணைப்புக் குளம்' என்று பெயர். பிஜிபவுன்சர் என்னும் மென்பொருள் இப்பணிக்கெனவே அமைந்தது.

எல்லாத் தரவுத்தளங்களும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் ஒரே செயலோட்டத்துக்குள் பல இழைகள் ஓடுகின்றன. இணைப்புக்கு ஓர் இழை. இழைகள் எடை குறைந்தவை, விரைவில் தோன்றுவன. ஆனால் அவை அனைத்தும் ஒரே நினைவகத்தில் வாழ்வதால், ஓர் இழையால் செயலோட்டம் முறிந்தால் முழுவதும் மடியும். அதனை மீண்டும் எழுப்புவதற்கு வெளியிலிருந்து வேறொரு காவலன் தேவைப்படும். போஸ்ட்கிரெஸையும் இழைகளுக்கு மாற்றலாமா என்னும் விவாதம் அதன் உருவாக்குநரிடையே 2023-இல் விரிவாக நிகழ்ந்தது. எந்த முறையாயினும், வேலையில் கலவாமல் விலகி நின்று காக்கும் ஒருவர் தேவை என்பது மாறவில்லை.

வகுப்பில் காட்டத்தக்க சோதனை

தாய்-சேய் உறவை மாணவர்க்குக் காட்ட ஆசிரியர்க்குத் தரவுத்தளச் சர்வரும் வேண்டியதில்லை. கேரள அரசின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001-இல் தொடங்கி, 2017-இல் 'கைட்' என்னும் நிறுவனமாக உருவெடுத்தது. அது பள்ளிகளுக்கு வழங்கும் லினக்ஸ் இயங்குதளமே போதுமானது. முனையச் சாளரத்தைத் திறந்து, 'பிஎஸ்ட்ரீ' என்னும் கட்டளையை இட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் செயலோட்டங்கள் யாவும் கிளை விரித்த மரமாகத் திரையில் தோன்றும். எது எதனிடமிருந்து பிறந்தது என்பதை மாணவர் கண்ணாலேயே காணலாம். அனைத்துக்கும் வேராக 1 என்னும் எண்ணுடைய செயலோட்டம் நிற்பதையும் சுட்டிக்காட்டலாம். தாயை இழந்த சேய்கள் இயல்பாக இதனிடமே சேருகின்றன.

அடுத்து இணைய உலாவியைத் திறந்து நான்கைந்து பக்கங்களை விரித்த பின் அதே கட்டளையை மீண்டும் இடுக. உலாவிக்கும் பல சேய்கள் இருப்பது தெரியவரும். ஒரு பக்கம் முறிந்து விழுந்தாலும் மற்றவை பெரும்பாலும் பிழைத்திருப்பதை மாணவர் அனுபவத்தில் கண்டிருப்பர். இங்கே ஆசிரியர் ஒரு வினா எழுப்பலாம்: உலாவியில் ஒன்று விழுந்தால் மற்றவை நிற்கின்றன; தரவுத்தளத்திலோ ஒன்று விழுந்தால் அனைத்தும் வெளியேற்றப்படுகின்றன. காரணம் யாது? உலாவியின் பக்கங்கள் தத்தம் மேசையோடு நிற்பவை. அவற்றுக்குப் பொதுவான கணக்கு இல்லை. தரவுத்தளத்தின் சேய்களோ ஒரே கரும்பலகையில் எழுதுபவை. பொதுவானதைப் பகிர்ந்துகொள்வோர் அதற்கு நேரும் கேட்டையும் பகிர்ந்துகொள்கின்றனர். இவ்விடையை மாணவர் தாமே கண்டடைவாராயின் பாடம் நிறைவுற்றதாகும்.

இனி ஒரு நண்பகலில் திரைகள் அனைத்தும் ஒருங்கே அறுபடுமாயின், களப் பணியாளர் மனங்கலங்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு சேய் முறையின்றி மடிந்திருக்கலாம். தாய் பலகையைத் துடைத்து, நாள்வழியைப் படித்துப் பேரேட்டைச் சீராக்கிக்கொண்டிருக்கலாம். சிறிது நேரம் பொறுத்து மீண்டும் நுழைந்து, கடைசியாகப் பதிந்ததை முதலில் தேடிப் பார்த்து, அதன் பின்னரே வேலையைத் தொடருதல் முறையாகும்.